தாவரப் பூங்காவும் பால்மரமும்

தாவரப் பூங்கா என்றவுடன் பலர் நினைவிற்கு வருவன மாலை உலாவும் மலர்ப் பாத்திகளுமே. ஆயின் அதன் முதற் பணி கண்ணுக்கு விருந்தளிப்பதன்று. அறிவதும் அறிவிப்பதுமே ஆகும். ஒரு செடி எந்நாட்டது, எம்மண்ணில் வளரும், எவ்வுயிருக்கு உணவாகும், மக்களுக்கு எங்ஙனம் பயன்படும் என்பவற்றைப் பொறுமையுடன் ஆராய்ந்து, பெயருடன் பதிந்து காக்கும் கல்விக்கூடம் அது. மலாயாத் தமிழர் வரலாற்றின் பெரும் பகுதி இத்தகைய பூங்காக்களில் வேர் கொண்டது என்பதைத் தமிழாசிரியர்கள் கருதுதல் வேண்டும்.

1876ஆம் ஆண்டு, ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர், பிரேசில் நாட்டுத் தப்பஜோஸ் ஆற்றை அடுத்த காடுகளிலிருந்து ஏறத்தாழ 70,000 பால்மர விதைகளைத் திரட்டி, இலண்டனை அடுத்த கியூ தாவரப் பூங்காவிற்குக் கொண்டு சேர்த்தார். பால்மர விதை விரைவில் முளைப்புத் திறனை இழக்கும் இயல்பினது. ஆதலின் மூவாயிரத்திற்கும் குறைவானவையே முளைத்தன. அவற்றுள் பெரும்பகுதி அவ்வாண்டே இலங்கைக்கு அனுப்பப்பெற்று, கொழும்பிற்கு வடக்கே ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பெற்றது. அடுத்த ஆண்டு, 1877இல், 22 கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவை அடைந்தன. அவற்றுள் 9 கன்றுகள் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில், ஆங்கில அரசின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் இல்லத் தோட்டத்தில் ஊன்றப்பட்டன.

கன்று வந்தது, அதனைப் பயன்படுத்தும் முறை உடன் வரவில்லை. அமேசான் காட்டில் பால் எடுத்தோர் சிறு கோடரியால் மரத்தைக் கொத்தினர். அதனால் மரம் புண்பட்டு நலிந்தது. 1888இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைமையை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொத்தாமல், பட்டையை மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைப் பல்லாண்டு ஆய்வினால் வகுத்தார். முன்னர் வெட்டிய காயத்தின் ஓரத்தையே மீண்டும் சீவினால், பின்னர் வரும் நாட்களில் பால் மிகுதியாகச் சுரக்கும் என்பதையும் கண்டறிந்தார். காப்பித் தோட்டத் துரைமாரிடம் பால்மர விதைகளைக் கொடுத்து நடுமாறு வற்புறுத்திய அவரைப் பலர் ‘பித்தர்’ என எள்ளினர். 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்னும் சீனப் பெருமகனார் முதன்முதலாகப் பால்மரத்தைத் தோட்டப் பயிராக வளர்த்தார். காப்பியின் விலை வீழ்ந்தது. மோட்டார் வண்டி பெருகியது. எள்ளியவர்களே விதை தேடி வந்தனர்.

லூமுட் வட்டாரமும் இவ்வரலாற்றிற்கு அயலானதன்று. 1874ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின், லூமுட் அடங்கிய டிண்டிங்ஸ் பகுதி நீரிணைக் குடியேற்றங்களுடன் சேர்க்கப்பட்டு, 1935இல் மீண்டும் பேராக்கிற்கு உரியதாயிற்று. அக்குடியேற்றங்களின் பூங்காக்களுக்கும் காடுகளுக்கும் தலைவராக இருந்தவரே ரிட்லி. அவர் 1922 முதல் 1925 வரை வெளியிட்ட மலாயாத் தீபகற்பத் தாவர நூல் 5 தொகுதிகளைக் கொண்டது.

பால்மரம் பெருகப் பெருக உழைப்போர் தேவை பெருகிற்று. கங்காணிமார் வழியாகவும், 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதியின் வழியாகவும் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மக்கள் கப்பலேறினர். 1938இல் இந்திய அரசு அதனைத் தடுக்கும் வரை அவ்வரவு நீடித்தது. பூங்காவில் ஓர் அறிஞர் கண்ட உண்மை, பல்லாயிரம் தமிழர் கையில் நாள்தோறும் செய்யும் தொழிலாயிற்று.

அத்தொழில் வெறும் கைப்பழக்கம் அன்று. பால் ஓடும் நுண்குழல்கள் பட்டையின் உட்புறத்தே உள்ளன. அவற்றிற்கும் உள்ளே மரத்தை வளர்க்கும் மென்படலம் இருக்கிறது. குழலை அறுக்க வேண்டும், படலத்தைத் தொடலாகாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவு மிகச் சிறிது. அவ்வளவை இருள் பிரியாத வேளையில், சிறு விளக்கொளியில், கையுணர்வு ஒன்றாலேயே அறிந்தவர்கள் பால்வெட்டுத் தொழிலாளர்கள். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழக்க, குழல்களின் அழுத்தம் குறைந்து பால் தளரும் என்பது நூலோர் கூறும் காரணம். காரணத்தை நூலில் படியாதவர்களும் அவ்வுண்மையைத் தவறாமல் அறிந்திருந்தனர். மரம் இலையுதிர்க்கும் காலத்தில் பால் குறைவதையும் அவர்கள் அறிவர். நிரை, மங்கு, ஒட்டுப்பால், கட்டிப்பால் எனத் தமக்கென ஒரு சொல்வளத்தையும் அவர்கள் ஆக்கிக் கொண்டனர்.

ஈண்டு ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. பூங்காவைச் சேர்ந்தோர் ஓர் இலையைப் பறித்தால், அதனை உலர்த்தித் தாளில் ஒட்டி, பறித்த இடம், நாள், பறித்தவர் பெயர் ஆகியவற்றை எழுதி வைப்பர். நூறாண்டு கழிந்தும் அவ்விலை பேசும். தொழிலாளர் அறிவுக்கோ அத்தகைய ஏடு அமையவில்லை. அவ்வறிவு கைமாறியது, எழுத்தில் ஏறியது சிறிதே.

தமிழ் மரபு இத்தகைய பதிவிற்குப் புதியதன்று. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்கள் தொடுக்கப்பட்டுள்ளன. திணை வகுத்தோர் ஒவ்வொரு நிலத்திற்கும் மரமும் விலங்கும் பறவையும் உரியனவாக்கினர். வாழும் நிலத்தின் உயிர்களைப் பெயர் சொல்லி அறிதல் கல்வியின் ஒரு கூறு என்பது அவர்தம் கொள்கை. அம்மலர்ப் பெயர்களை மனப்பாடம் செய்யும் மாணவன், தன் பாட்டி நாள்தோறும் தொட்ட மரத்தின் வரலாற்றை அறியாதிருத்தல் பொருந்துமா?

இவ்வினா இன்று விரைந்து விடை வேண்டுவது. பேராக்கின் பால்மரத் தோட்டங்கள் பல செம்பனைக்கு இடம் தந்தன. சில வீடமைப்புப் பகுதிகளாயின. செம்பனையும் பூங்கா தந்த பயிரே. 1848இல் ஜாவாத் தீவின் போகோர்ப் பூங்காவில் ஊன்றப்பட்ட 4 கன்றுகளே இப்பகுதிச் செம்பனையின் முன்னோர். மலாயாவில் அது 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வாணிகப் பயிராயிற்று. பெயர்ந்து வந்து நகரில் நிற்கும் தமிழ்ப் பள்ளிகள் சில, மறைந்த தோட்டத்தின் பெயரை மட்டும் தாங்கி நிற்கின்றன.

சிங்கப்பூர்ப் பூங்கா 2015இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது. கோலகங்சாரில் ஊன்றிய கன்றுகளுள் ஒன்று இன்றும் முதுமரமாகப் பாதுகாக்கப்படுகிறது. மரத்திற்குக் காப்பு உண்டு. மரத்தை அறிந்த மக்களின் சொல்லுக்கும் காப்பு வேண்டும். பள்ளி வளாகத்தில் ஒரு பால்மரத்தையேனும் நட்டு, அதன் அறிவியற் பெயரோடு தோட்டத்துப் பெயர்களையும் எழுதி வைக்கலாம். பால் வெட்டிய முதியோரை அழைத்து, அவர்தம் சொற்களையும் முறைகளையும் மாணவர் ஏட்டில் நாளும் இடமும் குறித்துப் பதிவு செய்யலாம். லூமுட் கரையின் அலையாத்தி மரங்களையும் பங்கோர்த் தீவின் இருவாய்ச்சிப் பறவையையும் அவ்வாறே பெயர் அறிந்து காட்டலாம். இதற்குப் பெருஞ் செல்வம் வேண்டா. ஏடும் எழுதுகோலும் கேட்கும் செவியும் போதும். அப்பணியை மேற்கொள்ளும் பள்ளி, சிறிய அளவிலேனும் ஒரு தாவரப் பூங்காவே ஆகும்.