நீங்க எடுத்த போட்டோ நல்லா வந்திருக்கா? நீங்களே கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தால் செல்போனில் 200 போட்டோ சேர்ந்துவிடுகிறது. அதில் எது நல்ல படம்? பலரும் லைக்கை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். ஆனால், படத்தில் இருக்கும் குழந்தை அழகாக இருந்தாலே லைக் விழும். அடுத்த படத்தை எப்படி நல்லா எடுப்பது என்று அது சொல்லித் தராது. அதற்கு நம் படத்தை நாமே விமர்சிக்கப் பழக வேண்டும்.

நம் படத்தின் குறை நமக்கு ஏன் தெரிவதில்லை?

நாம் படத்தோடு சேர்த்து அந்த நேரத்து நினைவையும் பார்க்கிறோம். மழையில் நனைந்து, அரை மணி நேரம் காத்திருந்து எடுத்த படம் என்றால், பட்ட கஷ்டத்துக்காகவே பிடித்துப்போகும். பார்ப்பவருக்கு அந்தக் கதை தெரியாதே!

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கேரி வினோகிராண்ட், எடுத்த ஃபிலிமை உடனே கழுவ மாட்டார். ஒரு வருடத்துக்கு மேல்கூட அப்படியே வைத்திருப்பார். எடுத்தபோது இருந்த மனநிலை மறந்த பிறகு பார்த்தால்தான் சரியாகத் தேர்வு செய்ய முடியும் என்பது அவர் எண்ணம். 1984-ல் அவர் இறந்தபோது, கழுவாத ஃபிலிம் ரோல்கள் மட்டும் சுமார் 2,500 இருந்தன. நமக்கு அவ்வளவு காத்திருப்பு வேண்டாம், ஒரு வாரம் போதும்.

என்னென்ன பார்க்க வேண்டும்?

* கண் முதலில் எங்கே போகிறது? கேலரியில் சின்ன சைஸில் வைத்துப் பாருங்க. மணமக்களை விட்டுவிட்டு, பின்னாடி இருக்கும் சிவப்பு நாற்காலிக்குக் கண் போனால் அங்கேதான் பிரச்னை.
* நாலு ஓரமும் சரியா? பாதியில் வெட்டுப்பட்ட கை, தலையிலிருந்து முளைத்த மாதிரி நிற்கும் கம்பம் எல்லாம் இங்கேதான் சிக்கும்.
* வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருட்டாகிவிடும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் இது சட்டென்று தெரியும்.
* ஃபோகஸ் யார் மேல்? ஜூம் செய்து கண்களைப் பாருங்க.

'நல்லா இல்லை' என்றால் போதுமா?

போதாது. காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்க. 'ரெண்டு அடி தள்ளி நின்றிருந்தால் கம்பம் மறைந்திருக்கும்' என்று எழுதினால், அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்பது கையில் இருக்கும். நல்லா வந்த படத்துக்கும் இதேபோல் காரணம் எழுதுவது முக்கியம். அப்போதுதான் அதைத் திரும்பச் செய்ய முடியும்.

200-ல் எத்தனை தேறும்?

ராபர்ட் ஃபிராங்க் 1955 முதல் அமெரிக்கா முழுக்கச் சுற்றி சுமார் 27,000 படங்கள் எடுத்தார். 'தி அமெரிக்கன்ஸ்' புத்தகத்தில் இடம்பிடித்தவை வெறும் 83. அந்தக் கணக்கில், உங்க 200-ல் ஒன்று தேறினாலே நல்ல விஷயம்தான்.

மீதியை அழித்துவிடலாமா?

அவசரப்படாதீங்க. படமாகத் தேறாதது நினைவாகத் தேறலாம். ஆடிப்போய் மங்கலாக விழுந்திருந்தாலும், பாட்டி வாய்விட்டுச் சிரிக்கும் படம் அது ஒன்றுதான் இருக்கும். அதற்குத் தனியாக ஒரு ஆல்பம் போடுங்க. அங்கே மட்டும் விமர்சனம் வேண்டாம்.