மஞ்சளும் கணையமும்

இரைப்பைக்குப் பின்னால் மறைந்து கிடக்கும் சிறிய உறுப்பு கணையம். நாம் உண்ணும் சோற்றையும் பருப்பையும் நெய்யையும் செரிக்கச் செய்யும் நீரைச் சுரப்பது அது. இரத்தத்திலுள்ள சர்க்கரையை அடக்கியாளும் இன்சுலினைத் தருவதும் அதுவே. இவ்வுறுப்பு அழற்சியுற்றால் எழும் வலி தாங்கொணாதது. 1889-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரத்து மருத்துவர் ரெஜினால்டு ஃபிட்ஸ் இந்நோயின் குறிகளை முறையாக வகுத்துரைத்தார். 1896-இல் பிராக் நகரத்து அறிஞர் ஹான்ஸ் கியாரி அதன் இயல்பை விளக்கினார். உணவைச் செரிக்க வேண்டிய நீர், தன்னைச் சுரந்த உறுப்பையே செரிக்கத் தொடங்கிவிடுகிறது என்பது அவர் கண்ட உண்மை. வேலியே பயிரை மேயும் கதைதான் இது.

நம் நாட்டில் இந்நோய்க்குத் தனி வரலாறு உண்டு. கேரளத்தில் மதுவையே தொடாத இளைஞர் பலருக்குக் கணையத்தில் கற்கள் தோன்றி, நாளடைவில் நீரிழிவும் வந்து சேர்ந்ததை மருத்துவர் கீவர்கீஸ் நெடுங்காலம் ஆராய்ந்து எழுதினார். ஏழைகளின் உணவாகிய மரவள்ளிக் கிழங்கின் மீது முதலில் ஐயம் எழுந்தது. ஆயினும், அக்கிழங்கை உண்ணாதாரிடத்தும் நோய் காணப்பட்டது. பிற்காலத்தில் மரபணுக் குறைபாட்டின் பங்கும் தெரியவந்தது.

தாவரம் ஒன்று இவ்வாறு பழி சுமந்திருக்க, மற்றொன்று நம்பிக்கையை ஊட்டியது. அதுவே மஞ்சள். அதன் நிறப்பொருளாகிய குர்க்குமினை 1815-இல் வோகல், பெல்த்தியே என்னும் இருவர் பிரித்தெடுத்தனர். அதன் அமைப்பைப் போலந்து நாட்டு அறிஞர்கள் 1910-இல் அறிந்து கூறினர். 2003-இல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், அழற்சியைத் தூண்டும் சில புரதங்களைக் குர்க்குமின் அடக்குவதையும், எலிகளின் கணைய அழற்சி தணிவதையும் கண்டனர்.

எலிக்கு நேர்ந்த நன்மை மனிதனுக்கும் நேருமா? குர்க்குமின் குடலிலிருந்து இரத்தத்தில் எளிதில் சேர்வதில்லை. மிளகிலுள்ள பைப்பரின் உடன் சேர்ந்தால் அது பன்மடங்கு மிகுதியாகச் சேர்கிறதென்று 1998-இல் பெங்களூர் அறிஞர்கள் காட்டினர். அம்முறையைப் பின்பற்றி, மணிப்பால் மருத்துவர்கள் நாட்பட்ட கணைய நோயாளர் 20 பேரைக் கொண்டு ஒரு சிறு சோதனை நடத்தி, 2005-இல் முடிவை வெளியிட்டனர். ஆறு வாரம் 500 மில்லிகிராம் குர்க்குமினும் 5 மில்லிகிராம் பைப்பரினும் அளித்தபோது, திசுக்கள் சிதைவதைக் காட்டும் ஒரு பொருள் இரத்த அணுக்களில் குறைந்தது. ஆனால் நோயாளரின் வலி குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை.

இவ்விடத்தில் நாம் நின்று சிந்தித்தல் வேண்டும். சோதனைக்கூடத்தின் அளவுகோல் மகிழ்ந்தது. படுக்கையில் கிடந்தவர் மகிழவில்லை. இருபது பேரை வைத்து முடிவான தீர்ப்புக் கூறவும் இயலாது. அந்த மருத்துவர்கள் இரண்டையும் மறையாமல் எழுதி வைத்ததே நம் மதிப்புக்குரியது. பழம்பெருமையின் பெயரால் எதையும் மிகைப்படுத்தாத அந்நேர்மையே மஞ்சளுக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதை.

ஊர்விட்டு வந்து வாழும் நம் இல்லங்களில் அஞ்சறைப் பெட்டி உடன் வருகிறது. குழம்பில் மஞ்சள் மணக்கட்டும். ஆனால் மாத்திரையாகச் செறிவூட்டிய மஞ்சள் சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்ததுண்டு. கணைய அழற்சிக்குப் பெரும்பாலும் காரணமாவன பித்தப்பைக் கல்லும் மதுவுமே. மேல்வயிற்றில் தோன்றி முதுகுவரை பாயும் கொடிய வலி கண்டால், அடுக்களையை நாடாது, மருத்துவமனையை நாடுவதே அறிவுடைமை.