ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு கேட்பது?

அரச சார்பற்ற நிறுவனங்களில் திட்ட உத்தியோகத்தர்களாக இருந்து, திட்டம் முடிந்ததும் வெளியே வந்தவர்கள் வடக்கில் பலர். அவர்களில் சிலர் இன்று சுயாதீன வணிக ஆலோசகர்கள். வங்கிக் கடனுக்கான வணிகத் திட்டம், கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கு, கோழிப்பண்ணையின் செலவுக் கணிப்பு என்று வேலை வருகிறது. "எவ்வளவு எடுப்பீங்கள்?" என்ற கேள்விக்குத்தான் பதில் வருவதில்லை. "பாத்துத் தாங்கோ" என்று சொல்லிவிடுகிறார்கள்.

சிலர் பழைய சம்பளத்தை மணித்தியாலங்களால் பிரிக்கிறார்கள். உதாரணமாக 90,000 ரூபா சம்பளம், மாதம் 22 நாள், நாளுக்கு 8 மணித்தியாலம். 511 ரூபா வரும். இந்தக் கணக்கு பிழை.

ஊழியராக இருந்தபோது தொழில் வழங்குநர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் மேலதிகமாகக் கட்டினார். அந்த 13,500 ரூபாவை இனி நீங்களே ஒதுக்க வேண்டும். டேட்டா, பெற்றோல், மடிக்கணினித் தேய்வு என மாதம் 20,000 ரூபா என்று வைப்போம். ஆண்டுக்குத் தேவை 1,482,000 ரூபா.

இப்போது நேரம். வாரநாட்கள் 260. போயா, பண்டிகை, சுகவீனம், வீட்டு அலுவல் என 45 நாட்களைக் கழித்தால் 215 நாள், அதாவது 1,720 மணித்தியாலம். அதில் பாதிக்குத்தான் காசு வரும். மீதி வேலை தேடுவதிலும், விலைமனு எழுதுவதிலும், பஸ்ஸிலும், கொடுக்காத சிட்டைக்குப் பின்னால் அலைவதிலும் போய்விடும். 860 ஆல் பிரித்தால் ஏறத்தாழ 1,725 ரூபா. முதற் கணக்கைப் போல மூன்று மடங்குக்கும் மேல். நிறுவனங்கள் நாட்கட்டணம் கேட்டால் 13,800 ரூபா. முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் போய்வரும் நாளையும் பணிவரையறையில் நாளாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

மாதம் ஒரு இலட்சம் ரூபாவைத் தாண்டும் சேவைக் கட்டணத்தில் 5 வீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். 2025 ஏப்ரல் முதல் ஆண்டு வருமானத்தில் 1,800,000 ரூபா வரை வரிவிலக்கு உண்டு. எனவே வரி இலக்கம் எடுத்து, பிடித்த பணத்துக்கான சான்றிதழைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

இந்த 1,725 ரூபாவைத் தனியாகக் குடும்பம் நடத்தும் ஒரு பெண்ணிடம் கேட்க முடியுமா? முடியாது. அவரிடம் மணித்தியாலக் கணக்கே வேண்டாம். வேலை முழுவதற்கும் ஒரு சிறு தொகையை முன்கூட்டியே சொல்லிவிடலாம். நிறுவனங்களிடம் முழுக்கட்டணம் வாங்கினால்தான் அதற்கு இடம் வரும். ஆனால் கிடைக்கும் கடனில் இத்தனை வீதம் என்று மட்டும் பேசாதீர்கள். கடன் பெருத்தால் உங்கள் பங்கும் பெருக்கும், தவணை கட்டுவது அவர். நுண்கடனால் எங்கள் கிராமங்கள் பட்டது போதும்.

கட்டணத்தை ஆண்டுதோறும் திருத்துங்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். அந்த ஆண்டு பழைய விலைக்கு ஒப்பந்தம் செய்தவர்கள் கைக்காசைப் போட்டு வேலை முடித்தார்கள். புலம்பெயர்ந்த உறவுகளின் முதலீட்டுக்கு ஆலோசனை சொல்பவர்கள், எந்த நாணயத்தில், எந்த நாள் மாற்றுவிகிதத்தில் என்பதைத் தொடங்கும்போதே எழுத்தில் வாங்கவேண்டும். ஒப்பந்தம் கேட்க வெட்கமென்றால் வட்ஸ்அப்பில் ஒரு வரியாவது.