ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராய்

மிஷன் பாடசாலையில் நாம் இரசாயனம் கற்ற காலத்தில் பொயில், டாற்றன், லவோசியே என்ற பெயர்களையே கேட்டோம். நம் நாடுகளைச் சேர்ந்தவர் பெயர் ஒன்றேனும் காதில் விழவில்லை. பல்கலைக்கழகத்திற்கு வந்த பின்னரே, ராய் அவர்கள் 1902 இலும் 1909 இலும் இரு பாகங்களாக வெளியிட்ட இந்து இரசாயன வரலாறு நம் கைக்குக் கிட்டிற்று. முன்னோர் பெருமை பேசும் நூலென எண்ணியே திறந்தோம்.

இன்றைய வங்காளதேசத்திலுள்ள ராருலிக் கிராமத்தில் 1861 இல் பிறந்த ராய், எடின்பரோவில் 1887 இல் விஞ்ஞான கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஊர் திரும்பியவருக்கு 1889 இல் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் மாதம் 250 ரூபா வேதனத்திலே உதவிப் பேராசிரியர் பதவிதான் கிடைத்தது. உயர் பதவிகள் பெரும்பாலும் ஐரோப்பியருக்கே உரியனவாயிருந்த காலம் அது. இரசத்தின் நைத்திரைற்றை ஆக்கி 1896 இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியே அவர் பெயரை நிலைநாட்டிற்று.

இனி நூலுக்கு வருவோம். வடிக்கும் யந்திரங்கள், நாகத்தைப் பிரித்தெடுக்கும் முறை முதலியவற்றை வடமொழி ஏடுகளிலிருந்து எடுத்துக் காட்டுகிறார். உள்ளம் பூரிக்கின்றது. ஆனால் அத்தகைய அறிவு பின்னர் ஏன் பட்டுப்போயிற்று என்றும் அவரே கேட்கிறார். கைத்தொழிலைத் தாழ்ந்த சாதியாருக்கென ஒதுக்கிவிட்டுக் கற்றோர் கையை மடக்கிக்கொண்டனர். உலகைப் பொய்யென்ற மாயாவாதமும் சேர்ந்துகொண்டது என்பது அவர் விடை. சைவ சித்தாந்திகளாகிய நாம் மாயாவாதப் பழியிலிருந்து எளிதில் நழுவிவிடலாம். சாதிப் பழியிலிருந்து எப்படி நழுவுவது? பெரியோர் சிலருக்கு இவ்வாசகம் கசக்கலாம். முதல் வாசிப்பில் நமக்கும் கசந்தது.

சொன்னவர் செய்தும் காட்டினார். வங்க இரசாயனத் தொழிற்சாலையைத் தொடங்கிய நாட்களில், பொசுபேற்று உப்புகள் ஆக்குவதற்காக மாட்டெலும்புகளைத் தம் வீட்டு மாடியிலே காயப்போட்டார். காகங்கள் மொய்த்தன, நாற்றம் பொறாத அயலார் முறையிட்டனர். காயஸ்தர் குலத்துப் பேராசிரியர் எலும்பு பொறுக்கிய கதை இதுதான். அத்தொழிற்சாலை 1901 இல் கம்பனியாகி மருந்துகளும் அமிலங்களும் செய்தது.

1916 இல் கல்கத்தாப் பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரிக்கு மாறினார். அறுபது வயதின் பின்னர் தம் வேதனத்தை அப்பல்கலைக்கழகத்திற்கே விட்டுக்கொடுத்தார். மணம் செய்யாதவர். கல்லூரிக் கட்டடத்தின் சிறு அறையொன்றே அவர் இல்லம். மாணவர் சிலரும் உடன் தங்கினர். 1944 ஆம் ஆண்டு யூன் 16 ஆந் திகதி அவ்வறையிலேயே உயிர் நீத்தார்.