கலாம் ஸ்டென்ட்டும் மாமாவோட பலூனும்

போன மாசம் இராமேஸ்வரம் போயிருந்தப்போ மாமா திடீர்னு கேட்டார். "ஏன் மாப்ள, உள்ள கம்பி வச்சு ஆறு வருசம் ஆச்சு. மறுபடி அடைச்சிருக்காம். இப்ப மருந்து தடவுன பலூன் விடணுங்கிறாங்க. நம்ம கலாம் கம்பி எப்படிடா அடைக்கும்?"

நான் பொட்டி தட்டுறவன். ஆனா மாமா கணக்குல கம்ப்யூட்டர் தெரிஞ்சவனுக்கு எல்லாம் தெரியும் :-)

மாமாவுக்கு வச்சது கலாம் கம்பி இல்லை. எங்க ஊர்ல எந்த ஸ்டென்ட் வச்சாலும் அது கலாம் கம்பிதான்! அதுக்கும் காரணம் இருக்கு. 1998ல கலாமும் ஹைதராபாத் இதய மருத்துவர் சோமராஜுவும் சேர்ந்து ஒரு ஸ்டென்ட் உருவாக்கினாங்க. ராக்கெட்காரருக்கு இதயத்துல என்ன வேலைன்னு கேக்காதீங்க. வெளிநாட்டு ஸ்டென்ட் விலை நம்மாளுக்குக் கட்டுப்படியாகலை, அதான். கலாம்-ராஜு ஸ்டென்ட்னு பேர், மருந்து ஏதும் பூசாத வெறும் உலோக வலை.

சரி, மேட்டருக்கு வருவோம். 1977 செப்டம்பர் 16ல சூரிச்ல குருன்ட்சிக் முதல் தடவையா இதய ரத்தக்குழாயை பலூன் விட்டு விரிச்சார். விரிச்ச குழாய் சில பேருக்குத் திரும்ப சுருங்குச்சு. அதைத் தாங்கிப் பிடிக்கத்தான் 1986ல ஸ்டென்ட் வந்தது. ஆனா புண்ணு ஆறுற மாதிரி குழாயோட சதை கம்பி இடுக்கு வழியா வளர்ந்து திரும்ப அடைச்சுக்கும். அதைத் தடுக்க அப்புறம் கம்பி மேலயே மருந்து பூசினாங்க. அப்பவும் சிலருக்கு அடைக்குது. மாமா கேஸ் அதுதான். கம்பிக்குள்ள இன்னொரு கம்பி வச்சா பாதை இன்னும் குறுகும் இல்லையா?

இங்கதான் மருந்து பலூன். உள்ள போய் ஒரு நிமிசம் போல விரியும், மருந்தைக் குழாய்ச் சுவர்ல ஒத்தி எடுக்கும், வெளிய வந்துடும். உள்ள புதுசா எதுவும் தங்காது. ஜெர்மனியில ஷெல்லர் குழு 2006ல வெளியிட்ட சின்ன ஆய்வு ஒண்ணு: ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா சாதாரண பலூன்ல 23 பேர்ல 10 பேருக்கு மறுபடி அடைப்பு, மருந்து பலூன்ல 22 பேர்ல ஒரே ஒருத்தருக்கு. மருந்து பக்லிடாக்செல், யூ மரப்பட்டையில கண்டுபிடிச்ச புற்றுநோய் மருந்து. அமெரிக்காவுல இதய ரத்தக்குழாய்க்கான மருந்து பலூனுக்கு முதல் அனுமதி கிடைச்சது 2024லதான்.

இன்னொரு மருந்து சிரோலிமஸ். இதைப் பூசின பலூன் நம்ம சூரத்துலயும் தயாராகுது. இந்த மருந்தோட கதையைப் படிச்சப்போ எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. 1964 டிசம்பர்ல ஈஸ்டர் தீவுக்குப் போய் இறங்கின கனடா குழு அள்ளிட்டு வந்த மண்ணுல இருந்த ஒரு பாக்டீரியாவுல இருந்துதான் அதைப் பிரிச்செடுத்தாங்க. அதே டிசம்பர்லதான் எங்க தீவுல புயல் வந்து தனுஷ்கோடியையே அழிச்சது. பாம்பன் பாசஞ்சர் ரயிலும் அதுல போச்சு. மாமாவுக்கு அப்போ ஏழு வயசு.

இதெல்லாம் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அப்ப கம்பி இல்லைங்கிற... காசு குறையுமா?"ன்னார். 2017ல அரசாங்கம் ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு வச்ச கதையைச் சொல்லிட்டு, பலூன் விலையை டாக்டர்கிட்டயே கேப்போம்னேன். வர்ற வியாழக்கிழமை மதுரை. ராத்திரி வண்டியில நானும் கூடப் போறேன்.