சட்ட நிறுவனங்களின் காணொளி நேர்காணல்: இங்கிலாந்தில் சொலிசிட்டர் தொழிலுக்கான நுழைவின் வரலாறு

இங்கிலாந்திலும் வேல்சிலும் பெரிய சட்ட நிறுவனங்களில் பயிற்சி இடம் தேடும் மாணவர்கள் கடக்க வேண்டிய படிகளுள் ஒன்று காணொளி நேர்காணல். விண்ணப்பப் படிவத்துக்கும் நேரடித் தேர்வு நாளுக்கும் இடையில் இது நடைபெறுகிறது. இவ்வாறு பயிற்சி பெறுவோர் பின்னர் சொலிசிட்டர் ஆகின்றனர். கட்சிக்காரருக்கு ஆலோசனை கூறுவதும், ஒப்பந்தங்களையும் வழக்கு ஆவணங்களையும் ஆயத்தம் செய்வதும் சொலிசிட்டரின் பணி. உயர் நீதிமன்றங்களில் வாதாடுவது மரபாகப் பாரிஸ்டரின் பணியாக இருந்து வந்துள்ளது.

காணொளி நேர்காணல் புதியது. ஆனால் இத்தொழிலுக்குள் யாரை அனுமதிப்பது, அதை எதைக் கொண்டு முடிவு செய்வது என்ற கேள்வி ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் பழையது. ஒவ்வொரு காலத்திலும் எழுதப்பட்ட நிபந்தனைகளுக்குப் பின்னால் எழுதப்படாத சில நிபந்தனைகளும் இருந்துள்ளன.

ஒப்பந்தமும் பிரீமியமும்

1728ஆம் ஆண்டின் அட்டர்னிகள் மற்றும் சொலிசிட்டர்கள் சட்டம், தொழிலில் நுழைய விரும்புவோர் ஒரு மூத்தவரிடம் ஐந்து ஆண்டுகள் ஒப்பந்த அடிப்படையில் பணியாற்ற வேண்டும் என்றது. அந்த ஒப்பந்தத்துக்கு ‘ஆர்ட்டிக்கிள்ஸ்’ என்று பெயர். இந்தியாவில் பட்டயக் கணக்காளர் படிப்பில் இன்றும் வழங்கும் ‘ஆர்ட்டிக்கிள்ஷிப்’ என்ற சொல் இதே மரபிலிருந்து வந்தது.

பயிற்சி தரும் மூத்தவருக்கு மாணவரின் குடும்பம் ‘பிரீமியம்’ எனப்பட்ட தொகையைச் செலுத்துவது வழக்கம். மாணவருக்குப் பெரும்பாலும் ஊதியம் கிடையாது. 1794இல் அரசு இந்த ஒப்பந்தப் பத்திரத்தின் மீது முத்திரைத் தீர்வையும் விதித்தது. வெஸ்ட்மின்ஸ்டர் நீதிமன்றங்களில் நுழைவோருக்கு அது 100 பவுண்டு. சார்லஸ் டிக்கன்சின் ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ நாவலில், திருச்சபை நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவரிடம் டேவிட்டைச் சேர்க்க அவனுடைய பெரிய அத்தை ஆயிரம் பவுண்டு செலுத்துகிறார். வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைக்கு அறிவு இருந்தும் இத்தொழில் எட்டாததாகவே இருந்தது.

தேர்வும் மறுக்கப்பட்ட உரிமையும்

1825இல் தோன்றி 1831இல் அரச சாசனம் பெற்ற சட்டச் சங்கம், 1836 முதல் எழுத்துத் தேர்வுகளை நடத்தத் தொடங்கியது. 1860ஆம் ஆண்டின் சட்டம் முதல்நிலைத் தேர்வையும் இடைநிலைத் தேர்வையும் சேர்த்தது. பணத்தோடு கல்வியும் அளவுகோலாயிற்று. எனினும் தேர்வு எழுதும் உரிமை எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் பயின்று முதல் வகுப்புத் தகுதி பெற்ற குவினெத் பெப் என்ற பெண், தம்மைத் தேர்வுக்கு அனுமதிக்க மறுத்த சட்டச் சங்கத்தின் மீது வழக்குத் தொடுத்தார். சொலிசிட்டர்கள் சட்டத்தில் ‘நபர்’ என்ற சொல்லே இருந்தது. ஆனால் பெண்கள் ஒருபோதும் இத்தொழிலில் இருந்ததில்லை என்ற வழக்காற்றைக் காட்டி, மேல்முறையீட்டு நீதிமன்றம் 1913 டிசம்பரில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1919ஆம் ஆண்டின் பாலினத் தகுதிநீக்க ஒழிப்புச் சட்டம் இத்தடையை நீக்கியது. 1922 டிசம்பரில் கேரி மாரிசன் முதல் பெண் சொலிசிட்டராகப் பதிவு பெற்றார். குவினெத் பெப் தொழிலில் நுழையும் முன்பே 1921இல் இறந்துவிட்டார்.

நேர்காணல் அறை

இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிரீமியம் படிப்படியாக மறைந்தது. பட்டதாரிகளைத் தேடிப் பெரிய நிறுவனங்களே பல்கலைக்கழகங்களுக்குச் சென்றன. 1990களில் ‘ஆர்ட்டிக்கிள்ஸ்’ என்ற பெயர் போய் ‘பயிற்சி ஒப்பந்தம்’ என்ற பெயர் வந்தது. விடுமுறைக் காலப் பயிற்சி, சிந்தனைத் திறன் தேர்வு, பங்குதாரர்களுடன் நேர்காணல் எனப் படிகள் பெருகின. பணம் கேட்ட இடத்தில் இப்போது பழகும் முறையும் பேச்சு வழக்கும் எடைபோடப்பட்டன. குடும்பத்தில் வழக்கறிஞர் இருப்பவர் இவற்றை வீட்டிலேயே கற்றிருந்தார். முதல் தலைமுறைப் பட்டதாரி அந்த அறையில்தான் முதன்முதலாகக் கண்டார்.

2021 செப்டம்பரில் சொலிசிட்டர் தகுதித் தேர்வு என்ற புதிய முறை நடைமுறைக்கு வந்தது. இரண்டு ஆண்டுப் பணி அனுபவத்தை நான்கு இடங்கள் வரை பிரித்துப் பெறவும் அது இடமளித்தது. ஆயினும் பெரிய நிறுவனங்கள் தம் பயிற்சியாளர்களைத் தாமே முன்கூட்டித் தேர்ந்தெடுக்கும் வழக்கம் தொடர்கிறது.

கேமராவின் வருகை

ஓர் இடத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் குவியும்போது எல்லோரையும் நேரில் பார்க்க இயலாது. இத்தேவையிலிருந்து ஒருவழிக் காணொளி நேர்காணல் பரவியது. இதில் எதிரே பேசுபவர் எவரும் இல்லை. கேள்வி திரையில் தோன்றும். சிந்திக்க அரை நிமிடமோ ஒரு நிமிடமோ தரப்படும். பிறகு கேமரா இயங்க, ஒன்று முதல் மூன்று நிமிடங்களுக்குள் விடை சொல்ல வேண்டும். அந்தப் பதிவைத் தேர்வாளர் பின்னர் பார்ப்பார். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபின் நேரடித் தேர்வு நாட்களும் இணையத்துக்கு மாறின.

இம்முறை ஒரு சர்ச்சையையும் கொண்டுவந்தது. 2004இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தொடங்கப்பட்ட ஹயர்வியூ நிறுவனத்தின் மென்பொருள், விண்ணப்பதாரரின் முக அசைவுகளையும் மதிப்பிட்டது. இதை எதிர்த்து 2019இல் அந்நாட்டுக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்திடம் புகார் அளிக்கப்பட்டது. முக ஆய்வைக் கைவிட்டதாக 2021 ஜனவரியில் அந்நிறுவனம் அறிவித்தது. இல்லினாய் மாநிலத்தில் 2020 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, செயற்கை நுண்ணறிவால் காணொளியை ஆராயும் நிறுவனம் அதை விண்ணப்பதாரருக்கு முன்கூட்டித் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் சட்டம் ஆள்சேர்ப்பில் பயன்படும் செயற்கை நுண்ணறிவை உயர் இடர் வகையில் சேர்த்துள்ளது.

தயாரிப்பு முறைகள்

கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் நான்கு வகைப்படும்.

முதலாவது, ஏன் சட்டம், ஏன் இந்த நிறுவனம் என்பது. ‘உலகப் புகழ் பெற்ற நிறுவனம்’ என்ற விடை எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் என்பதால் பயனற்றது. அந்நிறுவனம் கையாண்ட ஒரு வழக்கையோ வணிக ஒப்பந்தத்தையோ படித்து, அது தம் அனுபவத்தோடு எங்கே தொடுகிறது என்று கூறுவதே விடையாகும்.

இரண்டாவது, வணிக அறிவு. எடுத்துக்காட்டாக, இங்கிலாந்து வங்கி வட்டி விகிதத்தை உயர்த்தினால் கடன் வாங்கி நிறுவனங்களை வாங்குவது குறையக்கூடும். கடன் சுமையில் தவிக்கும் நிறுவனங்களுக்கான மறுசீரமைப்புப் பணியும் திவால் பணியும் கூடக்கூடும். செய்தியை இவ்வாறு கட்சிக்காரரின் தேவையோடு இணைத்துப் பார்க்கும் பழக்கமே இங்கு சோதிக்கப்படுகிறது.

மூன்றாவது, கடந்தகால அனுபவம். நிலைமை, பொறுப்பு, செயல், விளைவு என்ற வரிசையில் விடையை அமைப்பது நடைமுறை. கடையில் பகுதிநேர வேலை பார்த்தபோது கோபத்தில் வந்த வாடிக்கையாளரைச் சமாளித்ததும் தகுந்த எடுத்துக்காட்டே.

நான்காவது, தொழில் ஒழுக்கம். கட்சிக்காரரின் இரகசியம், நலன் முரண்பாடு, தம் தவறு தெரியவந்தால் உடனே மேலாளரிடம் சொல்வது ஆகியவை இதில் அடங்கும்.

இரண்டு நிமிடத்தில் ஆங்கிலத்தில் இயல்பாகப் பேசக்கூடியது ஏறத்தாழ 250 முதல் 300 சொற்கள். எனவே ஒரு விடைக்கு ஒரு கருத்தும் ஒரு சான்றும் போதும். முழு விடையையும் எழுதி வைத்துப் படித்தால் கண் அசைவே காட்டிக் கொடுத்துவிடும். நான்கைந்து குறிப்புச் சொற்கள் மட்டும் எழுதிக் கேமராவுக்கு அருகில் ஒட்டிக்கொள்வது நல்லது. மடிக்கணினியைப் புத்தகங்களின் மேல் வைத்துக் கேமராவைக் கண் மட்டத்துக்கு உயர்த்துவதும், வெளிச்சம் முகத்துக்கு எதிரிலிருந்து விழச் செய்வதும் செலவில்லாத ஏற்பாடுகள். பேசும்போது பார்க்க வேண்டியது கேமராவின் வில்லையை. திரையில் தெரியும் தம் முகத்தை அன்று. கைப்பேசியில் தம்மைப் பதிவு செய்து ஒருமுறை பார்த்தாலே தேவையற்ற இழுவைகளும் அவசரமும் புலப்படும். இணைய இணைப்பு தடைபடக்கூடும் என்பதால் இறுதி நாள்வரை காத்திருப்பது ஆபத்தானது.

இன்றைய எழுதப்படாத நிபந்தனைகள்

காணொளி நேர்காணல் பயணச் செலவை நீக்கியது. லண்டனுக்கு வெகுதொலைவில் வாழும் மாணவருக்கு இது உண்மையான நன்மை. ஆனால் அமைதியான அறை, தடையற்ற இணையம், பழுதில்லாத கணினி ஆகியவற்றை இது கேட்காமலே கேட்கிறது. தம்பி தங்கையருடன் ஒரே அறையைப் பகிர்ந்துகொள்ளும் மாணவருக்கு இவை சிறியவை அல்ல. பல்கலைக்கழக வேலைவாய்ப்பு வழிகாட்டு மையத்திலோ நூலகத்திலோ அறை கேட்டுப் பெறுவது இவர்களுக்குத் தயாரிப்பின் முதல் படியாகிறது.

திக்குவாய், செவித்திறன் குறைவு போன்றவை உள்ளவர்கள் கூடுதல் நேரமோ வேறு வடிவிலான நேர்காணலோ கேட்கலாம். மாற்றுத்திறனாளி விண்ணப்பதாரருக்கு நியாயமான மாற்றங்களைச் செய்வது 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி நிறுவனத்தின் கடமை. நேர்காணலுக்கு முன்பே எழுத்து மூலம் கேட்பது முறை. இது சலுகை அன்று. கேட்பதால் தகுதி குறைந்துவிடுவதும் இல்லை.

பிரீமியம் இருந்த காலத்தில் எவ்வளவு தேவை என்பதாவது பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தது. இன்றைய நிபந்தனைகள் பல எங்கும் எழுதப்படுவதில்லை. அவற்றை அறிந்து வைத்திருப்பதே பாதித் தயாரிப்பு. அவை எவையென வெளிப்படையாகச் சொல்லும் பொறுப்பு தேர்வு செய்யும் நிறுவனங்களுக்கும் உண்டு.