ஆத்து வாளையில் வாளையைக் காணோம்

போன வாரம் பரணைச் சுத்தம் பண்றேன்னு ஏறினதுல ஒரு பழைய குறுந்தகடு கிடைச்சுது. மேலே மார்க்கர் பேனாவில் 'மீன்' என்று என் கிறுக்கல். அன்னிக்கு சுத்தம் பண்ற வேலை அதோட நின்னுபோச்சு.

கதை இதுதான். 2004ல் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. திண்டுக்கல்லைச் சுற்றியிருக்கிற குளங்களிலும் குடகனாற்றிலும் கிடைக்கிற மீன்களுக்கு ஒவ்வொன்றாக இணையப் பக்கம் போடணும். மொத்தம் 23 மீன். எல்லாப் பக்கத்துக்கும் ஒரே அச்சு. மேலே தமிழ்ப் பெயர். கீழே டேபிள் போட்டு இடது பக்கம் படம். வலது பக்கம் அறிவியல் பெயர், நீளம், எங்கே கிடைக்கும், எப்போ கிடைக்கும். பெயர்களைச் சொன்னவர் என் பெரியப்பா. தூண்டில், ஊத்தா, வலை எதை எடுத்தாலும் வெறுங்கையோட வீட்டுக்கு வந்ததில்லை. 1977 வெள்ளத்தில் அழகாபுரி அணை உடைந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தாரென்றால் நடுவில் நாலு மீன் பெயராவது வந்துவிழும். நான் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பேன்.

அப்போதைய எழுத்துரு சண்டை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். திஸ்கியா, டேபா, யூனிகோடா என்று அடித்துக்கொண்ட காலம். பாதிப் பேர் கணினியில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். நான் ஒரு 'புத்திசாலித்தனம்' பண்ணினேன். தலைப்பில் இருக்கிற தமிழ்ப் பெயரை மட்டும் அழகாக எழுதி, படமாக மாற்றி ஒட்டிவிட்டேன். யார் கணினியிலும் உடையாது இல்லையா! மத்த விவரமெல்லாம் தங்கிலீஷிலும் ஆங்கிலத்திலும்.

அப்புறம் பக்கங்களை வைத்திருந்த இலவச இடத்தை மூடிவிட்டார்கள். குறுந்தகட்டில்தான் பிரதி இருக்கேன்னு நான் கவலைப்படவில்லை. போன வாரம் திறந்து பார்த்தால், எழுத்துக் கோப்புகள் 23ம் பத்திரம். தலைப்புப் படங்கள் இருந்த அடைவு மட்டும் இல்லை. நான் அதை எழுதவே மறந்திருக்கிறேன். லத்தீன் பெயர் அத்தனையும் பிழைத்திருக்கு, தமிழ்ப் பெயர் ஒன்றுகூட இல்லை. நோட்டு வீடு மாறினபோதே போயாச்சு. பெரியப்பா 2008ல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

விரால், குறவை, அயிரை எல்லாம் யாரும் சொல்லாமலே நிரப்பிவிடலாம். ஆனால் சின்னச் சின்னக் கெண்டைகளுக்கு அவர் தனித்தனியாகச் சொன்ன பெயர்கள்? எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் எல்லாவற்றுக்கும் 'கெண்டை' என்று ஒரே போடு.

இப்படிப் பண்ணின முதல் முட்டாள் நான்தானா என்று தேட ஆரம்பித்தேன். இல்லை மக்களே. இருநூறு வருஷத்துக்கு மேலான வரலாறு இருக்கு. கொஞ்சம் பெரிய பதிவு, டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

நம்ம பக்கத்து மீனுக்குப் 'பக்கம்' போடுகிற வேலை தரங்கம்பாடியில் சூடு பிடிக்கிறது. டேனிஷ்காரர்கள் வசமிருந்த ஊர். அங்கே 1771ல் வந்து சேர்ந்த ஜெர்மானியப் பாதிரியார் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான். மீன்களைப் பதப்படுத்தி பெர்லினில் இருந்த ஒரு மருத்துவருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். அந்த மருத்துவர் பெயர் மார்க்கஸ் எலியேசர் ப்ளாக். (ஆமாம், ப்ளாக்! நமக்கெல்லாம் முன்னோடி :-)) இந்தியாவுக்கு வந்ததே இல்லாத மனுஷன், 1782 முதல் 1795 வரை 12 பாகமாக ஒரு மீன் புத்தகம் போட்டார். 432 படத்தகடுகள், கையால் வண்ணம் தீட்டியவை.

நம்ம விரால், குறவை ரெண்டுக்கும் 1793ல் அறிவியல் பெயர் வைத்தவர் இவர்தான். சாம்பல் கெளுத்திக்கும் முள்ளால் குத்துகிற தேளிக்கும் 1794ல் வைத்தார். சாணார்பட்டி, நத்தம் பக்கம் கோடையில் தண்ணீர் வற்றினதும் மீன்பிடித் திருவிழா என்று ஊரே குளத்தில் இறங்குமே, அங்கே ஊத்தாவில் மாட்டுகிற ஆட்களில் பாதிப் பேருக்கு 'ப்ளாக்' இனிஷியல்தான்.

ஜான் மீனை மட்டும் அனுப்பவில்லை, பெயரையும் சேர்த்தே அனுப்பினார். ஒரு கடல் மீனின் அறிவியல் பெயர் 'ஜானியஸ் கருட்டா'. ஜானியஸ் என்பது நம்ம பாதிரியார். கருட்டா? 'கருத்த கத்தாளை' என்று மீனவர்கள் சொன்னதில் முதல் பாதி! கத்தாளை போய் கருத்த மட்டும் மிஞ்சியிருக்கு. இந்த வெட்டை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

அதே தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்று ஒரு டேனிஷ் லெப்டினென்ட். 1791ல் பனைமரத்தில் ஒரு மீன் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக எழுதினார். 1797ல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் அது அச்சாச்சு. நம்ம பனையேறிக் கெண்டை. செவுள் மூடியில் இருக்கிற முள்ளை ஊன்றி ஊன்றித் தரையில் நகரும், காற்றையும் சுவாசிக்கும். மரம் ஏறுமா என்பதில் பின்னால் வந்தவர்களுக்கு ஏகப்பட்ட சந்தேகம். டால்டார்ஃப் வைத்த பெயர் 'ஸ்கேண்டன்ஸ்', அதாவது ஏறுவது. கிட்டத்தட்ட தமிழ்ப் பெயரின் மொழிபெயர்ப்பு. ஆனால் ப்ளாக் 1792லேயே 'டெஸ்டுடினியஸ்' (ஆமை போன்றது) என்று வைத்துவிட்டார். முதலில் அச்சானதுக்குத்தான் முன்னுரிமை என்பது விதி. பனையேறி தோற்றது, ஆமை ஜெயித்தது.

எல்லாரும் ஒரே மாதிரி பண்ணவில்லை. பாட்ரிக் ரஸல் என்று கம்பெனியில் வேலை பார்த்த ஒரு மருத்துவர் விசாகப்பட்டினத்தில் இருந்துகொண்டு 200 மீன்களை உள்ளூர் ஓவியரை வைத்து வரைய வைத்தார். 1803ல் லண்டனில் ரெண்டு தொகுதியாக வந்தது. அவர் மீன்களுக்கு லத்தீன் பெயர் வைக்க மெனக்கெடவில்லை. பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்கள் சொன்ன பெயரையே பக்கத்துக்குப் பெயராகப் போட்டார். லத்தீன் பெயர் இல்லாததால், அந்த மீன்களைக் கண்டு சொன்ன பெருமை பின்னால் பெயர் வைத்தவர்களுக்குப் போச்சு. ஆனால் பெயர்கள் பிழைத்தன.

இப்போ தலைப்பில் இருக்கிற ஆளுக்கு வருவோம்.

ப்ளாக் 1799ல் இறந்துபோனார். எழுதி முடிக்காத பெரிய பட்டியலை முடித்து 1801ல் வெளியிட்டவர் ஷ்னைடர். இவர் கிரேக்க மொழிப் பண்டிதர், அகராதி போட்டவர். மீன்களை அவர் அடுக்கின விதம்தான் அருமை: துடுப்பு எண்ணிக்கை! பதினொரு துடுப்பு உள்ளவை முதல் வகுப்பு, அப்புறம் பத்து, ஒன்பது என்று இறங்கி, கடைசியில் ஒற்றைத் துடுப்பு. அகராதிக்காரருக்கு வரிசை முக்கியம், அதில் தப்பில்லை. ஆனால் ஒரே குடும்பத்து மீன்கள் வேறு வேறு மூலையில் போய் விழுந்தன.

அந்தப் புத்தகத்தில் ஒரு பெரிய கெளுத்தி இன மீனுக்கு வைத்த பெயர் 'சைலூரஸ் அட்டு'. நானும் முதலில் 'என்னடா இது அட்டு' என்றுதான் சிரித்தேன். அது அட்டு இல்லை, ஆத்து. ஆத்து வாளை! தரங்கம்பாடிப் பக்கம் சொன்ன பெயரில் வாளையை வெட்டிவிட்டு, ஆத்து என்பதை மட்டும் பெயராக வைத்துவிட்டார்கள். 'திண்டுக்கல் பூட்டு' என்று சொன்னவரிடம் பூட்டைக் கீழே போட்டுவிட்டு ஊர்ப் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு போன மாதிரி.

1851ல் ப்ளீக்கர் என்ற டச்சு மருத்துவர் இந்த மீனுக்குத் தனிப் பேரினம் உண்டாக்கி 'வல்லாகோ' என்றார். அது ரஸல் பக்கத்துத் தலைப்பாகப் போட்டிருந்த தெலுங்குப் பெயர், வாலுக. ஆக, முழுப் பெயர் வல்லாகோ அட்டு. முதல் பாதி விசாகப்பட்டினத்துத் தெலுங்கு, இரண்டாம் பாதி அரைகுறைத் தமிழ். தலைப்பில் முழுசாக உட்கார்ந்த பெயர் முழுசாகப் பிழைத்தது. வழியில் வெட்டுப்பட்ட பெயர் வெட்டுப்பட்டே நின்றது.

அடுத்து வந்தவர்தான் எல்லோருக்கும் அச்சு செய்து கொடுத்தவர். சென்னைப் படையில் மருத்துவராக இருந்து மீன்வளத் துறைத் தலைவர் ஆன ஃபிரான்சிஸ் டே. அவருடைய 'இந்திய மீன்கள்' 1875 முதல் 1878 வரை வெளியானது. ஒவ்வொரு மீனுக்கும் ஒரே வரிசை: அறிவியல் பெயர், பழைய பெயர்கள், துடுப்புக் கதிர்களும் செதில்களும் எத்தனை என்று ஒரு சூத்திரம், உடல் அளவுகள், நிறம், எங்கே வாழும். ஒரு மீனைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைக்கும் அதில் தேடிப் பிடிக்கலாம், அவ்வளவு சுத்தம்.

உள்ளூர்ப் பெயர்களை டே விட்டுவிடவில்லை, அதற்காகக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் இருப்பது சின்ன எழுத்தில், வங்காளி, பஞ்சாபி, தெலுங்குப் பெயர்களோடு நெருக்கியடித்து, ஆங்கில எழுத்தில். அங்கேதான் சிக்கல். ஆங்கிலத்தில் ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்து. குறில் நெடிலும் தெரியாது. வாளை என்று எழுதினால் மீனா, சிறுமலை வாழையா, அதைப் பிடிக்கிற வலையா? நூறு வருஷம் கழித்துப் படிக்கிறவன் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த அச்சு அப்படியே இணையத்துக்கும் வந்தது. 1996ல் இணையத்தில் ஏறிய ஃபிஷ்பேஸில் இப்போ 35,000க்கும் மேற்பட்ட மீன்கள். மேலே லத்தீன், ஆங்கிலப் பெயர், படம், அளவு, வாழிடம். ஊர்ப் பெயர்களையும் லட்சக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறார்கள், பெரிய உழைப்பு. ஆனால் அதைப் பார்க்க இன்னொரு சுட்டியை அழுத்தி உள்ளே போகணும்.

'அப்போ லத்தீனைத் தூக்கி எறியணுமா?' என்று கேட்பீர்கள். கூடாது. அன்றைக்கு என் பக்கங்களை அச்செடுத்து மீன் மார்க்கெட்டில் ஒரு அக்காவிடம் காட்டினேன். நாலு தாளைப் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

"என்ன தம்பி, எல்லாத்தையும் கெண்டைன்னு ஒண்ணாக் கட்டி வச்சிருக்க? ஜிலேபியும் கெண்டையும் அண்ணன் தம்பியா?"

அவர் சொன்னது சரி. ஜிலேபிக் கெண்டை 1952ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன். புல் கெண்டையும் வெள்ளிக் கெண்டையும் 1959ல் வந்தவை. பனையேறி இவை எதற்கும் சொந்தமே இல்லை. எல்லாவற்றையும் 'கெண்டை' என்றே எழுதி வைத்தால், எது நம்ம குளத்து ஆள், எது நேற்று வந்தது என்று பிரிக்க முடியாது. அந்தப் பிரிவினைக்கு லத்தீன் வேணும். ஆனால் எந்த ஊரில், எந்த மாசம், எந்தத் தண்ணியில் கிடைக்கும், முள் குத்துமா என்பதெல்லாம் ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. பெரியப்பா ஒரு பெயர் சொன்னால் கூடவே ஒரு குளத்தையும் சொல்வார்.

அந்த ஆத்து வாளை இப்போது உலகச் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்துள்ள மீன். குடகனாற்றில் சின்ன வயசில் பிடித்ததாகப் பெரியப்பா கையை விரித்து அளவு காட்டுவார். நான் பிடித்ததுமில்லை, பார்த்ததுமில்லை. மீனும் போய்ப் பெயரும் போனால், இங்கே இருந்தது என்பதற்கு என்ன சாட்சி?

அதனால் பக்கங்களை மறுபடி போட ஆரம்பித்திருக்கிறேன். இந்த முறை தமிழ்ப் பெயர் படமாக இல்லை, யூனிகோட் எழுத்தாக. அதன் கீழேயே எந்த ஊரில் அப்படிச் சொல்கிறார்கள், யார் சொன்னது (வலைக்காரரா, விற்கிறவரா, சமைக்கிறவரா), எந்த வருஷம். ஒரே மீனுக்கு ரெண்டு பெயர் இருந்தால் ரெண்டும் மேலே. அடுத்த வரியில் லத்தீன். படத்தில் மீன் வழக்கம்போல இடது பக்கம் பார்க்கும், அந்தச் சம்பிரதாயத்தோடு எனக்குச் சண்டை இல்லை :-)

மார்க்கெட் அக்கா இன்னும் கடையில் இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை போய், லத்தீன் பெயரை மறைத்துப் படங்களை மட்டும் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். 20 பக்கத்துக்குத் தலைப்பு கிடைத்தாச்சு. மீதி மூன்றும் பொடிக் கெண்டைகள். அதில் ஒன்று ஜெர்டன் 1849ல் பெயர் வைத்த புன்டியஸ் டோர்சாலிஸ்.

"இத எங்கம்மா ஒரு பேரு சொல்லும் தம்பி. நாக்குல நிக்குது, வர மாட்டேங்குது" என்றார்.

அந்த மூன்று பக்கத்துக்கும் தலைப்பைக் காலியாகவே விட்டிருக்கிறேன். லத்தீனை அங்கே ஏற்ற மனசில்லை. உங்கள் ஊர்க் குளத்தில் கிடைக்கிற பொடிக் கெண்டைக்கு உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏதாவது பெயர் சொன்னால், அவர்கள் சொன்ன உச்சரிப்பிலேயே, ஊர்ப் பெயரோடு ஒரு வரி எழுதிப் போடுங்கள். தயவுசெய்து தமிழ் எழுத்தில்.